செண்டுமல்லிக்கு வந்த இரண்டாவது வேலை

ஓணக் கொண்டாட்டத்தைத் தொடங்கிவைக்கும் அத்தம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் கண்ணில் படும். தோவாளைச் சந்தையில் விலை பேசி ஏற்றிய கேந்திப்பூ மூட்டைகள் நாகர்கோவில், மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி, கரமனை வழியாகக் கிள்ளிப்பாலம் ஏறி நகரத்துக்குள் வருகின்றன. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் எழுந்தருளுவதும் இந்தச் சாலையில்தான். பாலத்தை ஒட்டியே இருக்கிறது வலியசாலை. காந்தளூர் மகாதேவர் கோயில், அதைச் சுற்றி அக்கிரகாரம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசலில் கோலம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த இடம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர் உண்டு.

தோவாளைக்காரர்களுக்குக் கேந்தி, மதுரைப் பக்கம் செண்டுமல்லி, வடக்கே துலுக்கச் சாமந்தி, மலையாளத்தில் பந்தி. எந்தப் பெயரில் அழைத்தாலும் பூ ஒன்றே, அதற்கு நாம் கொடுத்த வேலையும் ஒன்றே: மாலை, தோரணம், அத்தப்பூக்களம். காய்கறிப் பாத்தியின் ஓரத்தில் நின்று, பயிரைத் தின்னும் பூச்சியைத் தன்பக்கம் இழுத்து, அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சிக்கும் இடம் கொடுக்கிற இன்னொரு வேலை இதற்குத் தெரியும். அந்த வேலைக்கு அது வந்த வழி நீளமானது. வலியசாலை மொட்டைமாடிகளில் அந்தப் பயணம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மீதிப் பாதியை நாம்தான் நடத்திக் கொடுக்க வேண்டும்.

செடியின் பிறந்தகம் மெக்சிகோ. ஆஸ்டெக் மக்கள் இதைச் செம்போவல்சோச்சிட்ல் என்றார்கள். ஸ்பானியர் அந்த நாட்டைப் பிடித்த பிறகு, 1552-ல், மார்ட்டின் தெ லா குரூஸ் என்ற பூர்வகுடி வைத்தியர் தம் மக்களின் மூலிகை அறிவைச் சொல்ல, ஹுவான் பாதியானோ என்ற இன்னொரு பூர்வகுடி அறிஞர் அதை லத்தீனில் எழுதினார். வண்ணப் படங்களோடு கூடிய அந்தச் சுவடியில் இந்தச் செடிக்கு இடம் உண்டு. சுவடி நெடுங்காலம் வத்திக்கானில் கிடந்து, 1990-ல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது. அந்த நாட்டில் இன்றும் நவம்பர் முதல் இரண்டு நாட்களில் இறந்தவர்களை வரவேற்கக் கல்லறை முதல் வீட்டு வாசல் வரை இதன் இதழ்களைத் தூவுகிறார்கள். மஞ்சளும் மணமும் பார்த்து ஆவி வழி தவறாமல் வரும் என்பது நம்பிக்கை.

அதே மண்ணில்தான் தக்காளியும் வீட்டுப் பயிரானது. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து வளர்க்கும் 'மில்பா' என்ற முறையும் அங்கேதான் தழைத்தது. சோளத்தில் பீன்ஸ் ஏறும், பூசணி தரையை மூடும். துணைப்பயிர் என்று நாம் இன்று பேசுவது அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம்.

ஐரோப்பாவுக்குச் செண்டுமல்லி வேகமாகப் போய்ச் சேர்ந்தது. 1542-ல் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலிலேயே குட்டைச் செண்டுமல்லியின் படம் வந்துவிட்டது. 1753-ல் லின்னேயஸ் டாகெடிஸ் என்ற பேரினத்தில் நெட்டையை எரெக்டா என்றும் குட்டையை பாடுலா என்றும் பிரித்தார். நெட்டை ஆப்பிரிக்கச் செண்டுமல்லி என்றும் குட்டை பிரெஞ்சுச் செண்டுமல்லி என்றும் பெயர் வாங்கியது. இரண்டுக்கும் அந்த ஊர்கள் சொந்தமில்லை.

தோட்டக்காரர்கள் கையில் போனதும் பூவின் உருவம் மாறியது. காட்டுச் செடியின் பூவில் நடுவே குழல் போன்ற சிறு பூக்கள் நிறைந்த வட்டம் திறந்து கிடக்கும். தேனும் மகரந்தமும் அங்கேதான். சுற்றிலும் ஒரு வரிசை இதழ் மட்டும் இருக்கும். அழகுக்காகத் தேர்ந்து தேர்ந்து விதை எடுத்ததில் நடுவட்டத்துக் குழல்கள் இதழ்களாக மாறி, பூ பந்து போல அடுக்கடுக்காக ஆனது. மாலைக்கு இது பெரிய வசதி. பூச்சிக்கு இது பெரிய நஷ்டம். அடுக்குப் பூவில் சிறு குளவியின் வாய்க்கு எட்டுகிற தேன் மிகக் குறைவு. கடைத்தெருவில் எடை கூடுதலாக நிற்கும் பூவும் பாத்தியில் பயன் கூடுதலாகத் தரும் பூவும் ஒன்றல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மிளகாய், முந்திரி, பப்பாளி, அன்னாசி எல்லாம் ஏறிவந்த கப்பல் வழிதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது காந்தள். அந்த வரிசையில் செண்டுமல்லி இருக்க வழியே இல்லை. அவ்வளவு பிந்தி வந்த பூ நம்முடைய கல்யாணம், பூசை, சாவு மூன்றிலும் எப்படி இவ்வளவு ஆழமாக நுழைந்தது என்பதற்குக் காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. காய்ந்த ஒரு பூவை உதிர்த்தால் கை நிறைய விதை. ஊசி போல் மெலிந்து உலர்ந்த விதை என்பதால் பொட்டலத்தில் மடித்து வைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது. விதைத்து இரண்டு மாதத்தில் மொட்டு விடும். பறித்த பூ நாள் முழுக்க வாடாது. மூட்டையில் அமுக்கினாலும் தாங்கும். ராயக்கோட்டையிலும் ஓசூரிலும் பறித்த பூ தோவாளை வந்து, அங்கிருந்து மலையாளக் கரைக்குப் போய்ச் சேரும்வரை நிறம் மாறாது. தும்பையும் முக்குற்றியும் காக்கப்பூவும் கிடைக்காமல் போன நகரத்துப் பூக்களத்தில் இந்தப் பூ வந்து உட்கார்ந்ததும் அதனால்தான்.

இனி இரண்டாவது வேலை.

1987-ல் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டப் பருத்திக் காடுகளில் பச்சைக் காய்ப்புழு பெருகியது. ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்பது அதன் அறிவியல் பெயர். பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தும் சாகவில்லை. எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டிருந்தது. கடன் வாங்கி மருந்து வாங்கிய விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பருத்தி, துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் விடாத புழு அது. தக்காளியில் காய்க்குள் தலையை நுழைத்துக் குடையும். உள்ளே போனபின் எந்த மருந்தும் அதை எட்டாது. அந்துப்பூச்சி ஒன்று சில நூறு முட்டைகளை, ஒரே இடத்தில் குவிக்காமல், ஒவ்வொன்றாகச் செடி செடியாய் ஒட்டிவிட்டுப் போகும்.

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் 1967-ல் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் சீனிவாசன், கிருஷ்ணமூர்த்தி முதலானோர் தக்காளிக்கு இடையே நெட்டைச் செண்டுமல்லியை நட்டுப் பார்த்தார்கள். அந்துப்பூச்சி தக்காளியைவிடச் செண்டுமல்லியின் மொட்டிலும் பூவிலும் முட்டையிட விரும்பியது. 1994-ல் வெளிவந்த அவர்களுடைய முடிவு இன்றும் இந்தியா முழுக்கப் பரிந்துரையில் இருக்கிறது: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. 45 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டும்.

இந்த நாள் கணக்கில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால் தக்காளி முந்திக்கொள்ளும், புழுவுக்கு வேறு வழி இருக்காது. நம்மூரில் 'செண்டுமல்லி வைத்தும் புழு போகவில்லை' என்று கேட்கிற முறையீடுகளில் பலவற்றுக்கு இந்த இருபது நாள் இடைவெளியை விட்டதே காரணம் என்பது என் எண்ணம்.

எனக்கு மனநிறைவு தருகிற செய்தி வேறொன்று உண்டு. தக்காளி, செண்டுமல்லி இரண்டின் வேரும் மெக்சிகோவில் இருக்கிறது. புழு பழைய உலகத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ மண்ணை விட்டுத் தனித்தனிக் கப்பலில் பிரிந்து போன இரண்டு செடிகள், நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கன்னட நாட்டு மண்ணில் ஒரே பாத்தியில் ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்தப்பட்டன.

முட்டை ஓரிடத்தில் சேர்ந்தால் முட்டையைத் தேடுகிறவர்களுக்கும் வேலை சுலபம். டிரைக்கோகிரம்மா என்ற குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பொரிக்க வேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளியே வரும். தக்காளி இலையில் இருக்கும் பிசுபிசுப்பான ரோமங்கள் இவ்வளவு சிறிய குளவிக்கு நடமாட்டத்தையே தடுக்கும்; செண்டுமல்லியில் அந்தத் தடை இல்லை. கேம்போலெடிஸ் என்ற இன்னொரு குளவி இளம்புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி, பூவுக்குள் பதுங்கி இலைப்பேனைக் குத்திக் குடிக்கும் ஓரியஸ் நாவாய்ப்பூச்சி என்று படை பெரியது.

இந்தப் படையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறோம். குளவியின் குஞ்சுக்குத்தான் புழு உணவு. தாய்க்குளவி புழுவைத் தின்று வாழ்வதில்லை. அதற்குத் தேன் வேண்டும், ஒதுங்க நிழல் வேண்டும். தேன் கிடைக்காத குளவி ஓரிரு நாளில் செத்துவிடும், கிடைத்தால் பல மடங்கு நாள் இருந்து பல மடங்கு முட்டையிடும். பழைய திருவிதாங்கூரில் வழிப்போக்கருக்குச் சோறு போட ஊட்டுப்புரைகள் இருந்தன. பாத்தி ஓரத்துப் பூச்செடி குளவிக்கு ஊட்டுப்புரை. வேலை அடுத்த பாத்தியில், சாப்பாடு இங்கே.

நெல்லில் இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் வயல் வரப்பில் தேன் தரும் செடிகளை வளர்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஜெஃப் கர், கே. எல். ஹியோங் உள்ளிட்ட பலநாட்டு அறிஞர்கள் சேர்ந்து செய்தது. பூச்சிமருந்து தெளிப்பு 70 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் 5 விழுக்காடு கூடியது, வருமானத்தில் 7.5 விழுக்காடு லாபம். மீகாங் கழிமுகத்தில் நெல் வரப்பு நெடுகப் பூத்து நிற்கும் செடிகளில் செண்டுமல்லியும் ஒன்று. ஐதராபாத்தில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் இதே முறையை இந்திய விவசாய அலுவலர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வரப்பில் தட்டைப்பயறும் செண்டுமல்லியும் வைத்த வயல்கள் இப்போது புதுமையல்ல.

குளவி என்றால் கொட்டும் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பூர்வீகமும் மெக்சிகோதான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று வெள்ளை பூசினாற்போல் மூடியது; கேரளத்துக்கும் பரவியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவியைப் பெங்களூரில் உள்ள வேறொரு ஆராய்ச்சி நிறுவனம் வரவழைத்தது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கி ஊர் ஊராகக் கொடுத்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. வெளியே விட்ட குளவி தானே பெருகி, தானே பரவி, தன் வேலையைச் செய்தது. இந்த நாட்டில் பூச்சிக்கு எதிராகப் பூச்சி பெற்ற வெற்றிகளில் இதற்கு முன்வரிசை இடம் கொடுப்பேன்.

மண்ணுக்குள்ளும் செண்டுமல்லிக்கு ஒரு வேலை உண்டு, ஆனால் அதைப் பற்றி மிகையாகவே பேசுகிறார்கள். அதன் வேரில் ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் இருக்கிறது. 1950-களில் டச்சு அறிவியலாளர்கள் அதை வேரிலிருந்து பிரித்து, நூற்புழுவைக் கொல்லும் என்று காட்டினார்கள். உண்மைதான். அதற்குச் செடி உயிரோடு, நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் அதே மண்ணில் நிற்க வேண்டும். அதன்பிறகு அங்கே காய்கறி வைத்தால் பலன் தெரியும். பத்து கத்தரிக்கு நடுவே ஒரு செண்டுமல்லி வைத்து வேர்முடிச்சு நூற்புழு ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நூற்புழு எந்த இனம், செண்டுமல்லி எந்த ரகம் என்பதைப் பொறுத்தும் பலன் மாறும்.

பூச்சிமருந்து விஷயத்தில் கேரளத்துக்குத் தனிப்பட்ட வலி உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து தெளித்த எண்டோசல்பான் எத்தனை குடும்பங்களை முடக்கியது என்பது ஊரறிந்த செய்தி. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அதைத் தடுத்தது. வலியசாலையிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் கடைத்தெருக் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சத்தை அளந்து முடிவுகளை மக்களுக்குத் தெரிவிக்கிறது. 'ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி' என்று அரசு வீடு வீடாக விதைப் பொட்டலம் கொடுக்கிறது. மொட்டைமாடியில் பை வைத்து மண் நிரப்பி வெண்டை, கத்தரி, பயறு, பாகல், சிவப்புக் கீரை வளர்க்கும் பழக்கம் இந்த நகரத்தில் ஊறிவிட்டது. அக்கிரகாரத்து வீடுகளுக்குத் தோட்டம் போட வேறு இடம் ஏது? ஓட்டுக்கூரை மாறிக் கான்கிரீட் வந்த வீடுகளில் மாடிதான் தோட்டம்.

அந்த மாடிகளில் செண்டுமல்லியும் இருக்கிறது. நான் பார்த்தவரை அது நிற்கும் விதம் பெரும்பாலும் தவறு. பூத்த செடியாக வாங்கி, அலங்காரத்துக்கு ஒரு மூலையில் வைக்கிறார்கள். பெரிய அடுக்குப் பூ. விரிந்த பூவையெல்லாம் அத்தத்துக்குப் பறித்துவிடுகிறார்கள். பயறுக் கொடியில் கறுப்பு அசுவினி வந்த மறுநாள் கடையில் வாங்கிய மருந்தைத் தெளிக்கிறார்கள்; அசுவினியைத் தேடி வந்த பொறிவண்டுக் குஞ்சும் அதோடு சாகிறது. பொறிவண்டின் குஞ்சு தாயைப் போல் சிவப்பாய் உருண்டையாய் இருக்காது, முள்முள்ளாய்க் கறுத்து நீண்டிருக்கும். அதையே பயிரைத் தின்னும் புழு என்று நசுக்குகிறவர்களும் உண்டு. பயறுக் கொடியில் எறும்பு சாரை சாரையாய் ஏறினால், அசுவினி கொடுக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது என்று பொருள். அப்போது முதல் வேலை எறும்பு ஏறும் வழியை மறிப்பது.

மாடிக்கு ஏற்றது குட்டைச் செண்டுமல்லி, அதிலும் ஒற்றை அடுக்கோ திறந்த நடுவட்டமோ உள்ளது. 2019-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார், குட்டைச் செண்டுமல்லி வெளிவிடும் லிமோனீன் என்ற வாசனைப் பொருள் கண்ணாடிக் கூடாரத்துத் தக்காளியிலிருந்து வெள்ளை ஈயை விலக்குகிறது என்று காட்டினார்கள். தக்காளி நட்ட அன்றே செண்டுமல்லியும் அருகில் இருந்தால்தான் பலன் நன்றாக இருக்கிறது, ஈ பெருகியபின் கொண்டுபோய் வைத்தால் அந்தப் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. செண்டுமல்லி தனியாக எல்லாவற்றையும் செய்துவிடாது. பக்கத்துப் பையில் கொத்தமல்லியையும் சோம்பையும் பறிக்காமல் பூக்க விடலாம். துளசியின் கதிரைக் கிள்ளாமல் விடலாம். கைப்பிடிச் சுவர் இடுக்கில் தானே முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டையும் பிடுங்க வேண்டாம். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிதான், அதன் திறந்த சிறு பூவில் சிறு குளவிகளும் ஈக்களும் வந்து உட்காருவதைக் காலை வெயிலில் பார்க்கலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் செண்டுமல்லியில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும். கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து கத்தரிக்கும் பயறுக்கும் தாவும். பொறிப்பயிராக வைத்த செடியில் புழு சேர்ந்தால் அந்தப் பூவையும் மொட்டையும் கிள்ளி அழிக்க வேண்டும். புழுவை அழைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் செண்டுமல்லியே புழுப் பண்ணையாகிவிடும். பழ ஈ, வெண்டையின் நரம்பு வெளுப்பு நோய் போன்றவற்றுக்கு இதை நம்பி உட்காரவும் கூடாது. பழ ஈக்கு அதற்கென்ற கவர்ச்சிப் பொறி வேண்டும்.

சில ஆண்டுகளாக ஓணப்பூவைத் தோவாளையிலிருந்தும் குண்டல்பேட்டையிலிருந்தும் மட்டும் எதிர்பார்க்காமல், கேரளத்திலேயே விளைவிக்கிறார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள், ஊராட்சிகள், கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகங்கள் சேர்ந்து தரிசு நிலத்தில் செண்டுமல்லி போடுகிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் காட்டாக்கடைப் பக்கம் பூத்து நின்ற தோட்டங்களைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பூவுக்கு ஒரு நிலம், காய்கறிக்கு ஒரு நிலம் என்று பிரித்தே போடுகிறார்கள். பூத் தோட்டம் பூத்துக் குலுங்குகிறது, அதற்கப்பால் காய்கறித் தோட்டத்தில் மருந்துத் தெளிப்பான் ஓடுகிறது. கன்று இருக்கிறது, ஆள் இருக்கிறது, விலை கொடுத்து வாங்கச் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. இரண்டையும் ஒரே நிலத்தில் வைப்பது ஒன்றுதான் பாக்கி.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பேரிடம். கிருஷி பவன் அலுவலர்களே, அடுத்த ஓணத்துக்குச் செண்டுமல்லிக் கன்று கொடுக்கும்போது காய்கறிக் கன்றோடு சேர்த்துக் கொடுங்கள். செண்டுமல்லியை 20 நாள் முந்தி விதைத்து நாற்றாக்கித் தாருங்கள், எத்தனை வரிசைக்கு ஒரு வரிசை என்பதை மலையாளத்திலும் தமிழிலும் ஒரு துண்டுச் சீட்டில் அச்சிட்டுத் தாருங்கள். வலியசாலையிலும் மற்ற ஊர்களிலும் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களே, நான்கைந்து காய்கறிப் பைக்கு ஒரு குட்டைச் செண்டுமல்லியை இடையில் வையுங்கள், மூலையில் வேண்டாம். பூக்களத்துக்குப் பறிக்கும்போது செடிக்கு இரண்டு பூவை விட்டு வையுங்கள். அசுவினியைக் கண்டால் மருந்தைத் தொடுமுன் ஒரு வாரம் பொறுத்து, பொறிவண்டு வருகிறதா என்று இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் திருப்பிப் பாருங்கள்.